நிறைகோல் யார் கையில்?

ஆசிரியரைப் போற்றுவதில் நம்மவர் எவருக்கும் பின்னின்றவரல்லர். ஓய்வு பெறும் நாளிற் பொன்னாடை போர்த்துகின்றோம்; மணிவிழா மலர் வெளியிடுகின்றோம்; மறைந்தபின் நினைவுப் பேருரை நிகழ்த்துகின்றோம். ஆயின், ஒருவர் பணியிலிருக்கும் காலத்தில், அவர் நன்கு கற்பிக்கின்றார் என்ற காரணத்துக்காக நமது பல்கலைக் கழகங்கள் அவருக்கு அளிக்கும் இடம் யாது? சிறந்த போதனைக்கு விருது வழங்கும் வழக்கம் இக்காலத்தில் உலகெங்கும் பரவி வருகின்றது. விருது வழங்கப்படுகின்றதா என்பதைக் காட்டிலும், எதனைச் சிறந்த போதனை என்கின்றோம், அதனை நிறுக்கும் கோல் யார் கையில் உளது என்பனவே ஆழ்ந்து நோக்கத்தக்க வினாக்கள் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பெயர் குறிப்பிடாது ஒருவரை நினைவுகூர விரும்புகின்றேன். அவர் எனது முதலாண்டு விரிவுரையாளர். கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து சென்ற எங்களுக்கு நூலகத்தில் அடுக்கியிருந்த ஆங்கில நூல்கள் ஏறமுடியாத மதில்களாகத் தோன்றிய நாட்கள் அவை. மாலையில் விரிவுரை முடிந்தபின், ஏழெட்டுப் பேரை இருத்தி, ஒரு நூலின் ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் வாசிப்பிப்பார். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுமுன், அது எவ்வாக்கியத்தில் எவ்வாறு நிற்கின்றதென எங்களையே சொல்ல வைப்பார். எமக்கெனத் தமிழில் எழுதி, றோனியோவில் அடித்துத் தந்த குறிப்புகளைத் தொகுத்தால் நானூறு பக்கங்களுக்குக் குறையாது. முப்பதாண்டு உழைத்து, சிரேஷ்ட விரிவுரையாளராகவே அவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் ஒருவர், "இவர் எழுதியிருந்தாற் பேராசிரியராகியிருக்கலாம்" என்று அனுதாபத்தோடு கூறினார். அந்த நானூறு பக்கங்கள் எழுத்தாகக் கொள்ளப்படவில்லை.

இதனை வெறும் இரங்கலாகக் கொள்ளலாகாது. உண்மையைக் கூறுவதாயின், பிற்காலத்தில் அவருடைய குறிப்புகள் புதுக்கப்படாதிருந்தன. துறையில் எழுந்த புதிய விவாதங்கள் அவற்றில் இடம்பெறவில்லை. ஆராய்ச்சியிலிருந்து அறுந்த போதனை நாளடைவில் வறண்டுவிடும் என்பதற்கும் அவரே சான்று. அவருக்கு ஓய்வு நேரம் அளித்து, துணைக்கு ஆள் கொடுத்து, அந்தக் குறிப்புகளை நூலாக்கித் தருமாறு கேட்க எவரும் இருக்கவில்லை என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. ஆகவே, போதனையா ஆராய்ச்சியா என்று இரண்டிலொன்றைத் தெரியச் சொல்வது பிழையான வினா. இரண்டுக்குமிடையே உள்ள உறவை அறுத்தது யாது என்பதே சரியான வினா.

நல்லாசிரியரின் இலக்கணம் கூற முயன்ற முதல் மனிதர் நாமல்லோம். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் பவணந்தியார், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அதனை விரிவாக வகுத்துள்ளார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன நல்லாசிரியருக்கு அவர் கூறும் உவமைகள். ஆசிரியராகத் தகாதவருக்கோ கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு. கழற்காய் நிறைத்த குடம் போட்ட முறையிற் கொடாது, முறைமாறிக் கொட்டும். மடற்பனையில் எவரும் ஏறிப் பறித்தல் அரிது; அது தானாக வீழ்த்தினால்தான் பழம். பஞ்சடைத்த குண்டிகையில் இடுவதும் கடினம், எடுப்பதும் கடினம். முடத்தெங்கோ, நீர் வார்த்தவன் ஒருவனாக, வேலிக்கப்பால் வளைந்து நின்று மற்றொருவனுக்குக் காய் கொடுக்கும்.

இவ்வுவமைகளின் கூர்மையை இன்றைய கல்வியியலாளர் எவரும் விஞ்சிவிட்டதாகக் கூறமுடியாது. பவணந்தியார் பார்ப்பது, அறிவு ஆசிரியரிடம் எவ்வளவு உண்டு என்பதையன்று. அது மாணவனிடம் எம்முறையிற் சென்று சேருகின்றது என்பதையே. எனினும் பழமை யாவும் பொன்னெனக் கொள்வது நமது நோக்கமன்று. நல்லாசிரியருக்குரிய இயல்புகளை அடுக்கும் அதே நூல், அவற்றுள் முதலிடத்தைக் குலத்துக்கு அளிக்கின்றது. யாருக்குக் கற்பிக்கலாம், யாருக்குக் கற்பிக்கலாகாது என்றும் பட்டியலிடுகின்றது. சிறப்பின் அளவுகோல் எக்காலத்திலும் அக்காலச் சமுதாய அமைப்பின் கைப்பட்டே உருவாகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. நிலமானிய சமுதாயம் குலத்தைக் கேட்டது. முதலாளித்துவச் சந்தை இன்று எதனைக் கேட்கின்றது என்பதை இனி நோக்குவோம்.

நவீன பல்கலைக் கழகம் ஆராய்ச்சியையும் போதனையையும் ஒன்றாக இணைக்கும் இலட்சியத்தோடு தோன்றியது. 1810இல் பேர்லினில் நிறுவப்பட்ட பல்கலைக் கழகத்தோடு ஹும்போல்ட்டின் பெயர் இணைத்துப் பேசப்படுவது இக்காரணத்தாலேயே. ஆசிரியரும் மாணவரும் கூடி உண்மையைத் தேடுவதே அங்கு கல்வி எனப்பட்டது. நமது நாட்டிற் பிறந்த உயர்கல்வியோ வேறு முகங்கொண்டது. 1921இற் கொழும்பில் தொடங்கிய பல்கலைக் கழகக் கல்லூரி, மாணவரை இலண்டன் பல்கலைக் கழகப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தியது. போதனையின் வெற்றியைக் கடல்கடந்த பரீட்சகர் தீர்மானித்தார். 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றி, பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தபோதும், அங்கீகாரம் அங்கிருந்தே வரவேண்டுமென்ற மனப்பாங்கு எளிதில் அகலவில்லை. அன்று பரீட்சகரின் புள்ளி. இன்று மேனாட்டு ஆய்விதழின் ஏற்பு. எசமானர் மாறினரேயன்றி அளவுகோலின் இருப்பிடம் மாறவில்லை.

வெளியீட்டு வேட்கை நமக்கு மட்டும் உரிய நோயன்று. ஐக்கிய அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தின் தலைவராயிருந்த ஏர்னஸ்ட் போயர், 1990இல் வெளியிட்ட அறிக்கையில், புலமை என்பதனைக் கண்டுபிடித்தல், ஒன்றிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் என நான்காக வகுத்துக் காட்டினார். கற்பித்தலும் புலமையின் ஒரு வடிவமே, ஆராய்ச்சியிலிருந்து மீந்த நேரத்திற் செய்யும் சில்லறைப் பணியன்று என்பது அதன் சாரம். அதற்கு முன்னரே, 1986இல், கனடாவில் ஆண்டுதோறும் பத்துப் பல்கலைக் கழக ஆசிரியரைத் தெரிந்து கௌரவிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியிருந்தது. அதற்குத் துணைநின்றதும் அதன் பெயரில் முன்னின்றதும் ஒரு வணிக நிறுவனம் என்பது கருதத்தக்கது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் தேசியப் போதனைப் புலமையர் திட்டம் ஆரம்பமாயிற்று. தொடக்கத்தில் இருபதின்மருக்கு, ஒவ்வொருவருக்கும் ஐம்பதாயிரம் பவுண் வீதம் வழங்கப்பட்டது. பின்னர் பெறுவோர் தொகை பெருகப் பணத்தொகை சுருங்கிற்று. ஈற்றிற் பட்டம் மட்டுமே எஞ்சியது. கௌரவம் மலிவானது; நிதி மலிவானதன்று என்பதை ஆட்சியாளர் நன்கறிவர்.

இங்கிலாந்தின் கதை அத்துடன் முடியவில்லை. 2017இல் அங்கு போதனைச் சிறப்பை மதிப்பிடும் அரசாங்கத் திட்டம் நடைமுறைக்கு வந்து, பல்கலைக் கழகங்கள் பொன், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கப்பட்டன. உலகப் புகழ்பெற்ற இலண்டன் பொருளியற் கல்லூரி வெண்கலம் பெற்றது. பரம்பரைப் பெருமையை ஒருவர் அசைத்துப் பார்த்தால் நாம் வருந்தவேண்டியதில்லை. ஆயின் அசைத்த கை எது? எவரும் வகுப்பறையினுட் சென்று போதனையைப் பார்க்கவில்லை. இறுதியாண்டு மாணவரின் திருப்திக் கணக்கு, இடைவிலகியோர் தொகை, பட்டம் பெற்றபின் வேலை பெற்றோர் வீதம் ஆகியவற்றையும், நிறுவனங்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியளித்த விளக்கங்களையும் கொண்டே தீர்ப்பு வழங்கப்பட்டது. மாணவரிடமிருந்து அறவிடும் கட்டணத்தை உயர்த்தும் உரிமையை இத்தரங்களோடு பிணைப்பதே அரசின் திட்டமாயிருந்தது. இதனை உணர்ந்த மாணவர் சங்கங்கள் பல, திருப்திக் கணக்கெடுப்பையே பகிஷ்கரித்தன. தம்மைப் பாராட்டக் கேட்கும் வினாத்தாளே தமக்குப்பின் வருவோரின் கட்டணச் சீட்டாக மாறுமென்று அம்மாணவர் கண்டதில் அரசியல் தெளிவு இருந்தது.

ஏழைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி படிப்பை இடையில் விடுவது போதனையின் குறையாலா, வாடகை கொடுக்க இயலாமையாலா? பட்டதாரிக்கு வேலை கிடைப்பது விரிவுரையின் சிறப்பாலா, தந்தையின் செல்வாக்காலா? பின்னணிக்கு ஈடுசெய்யும் கணக்குகள் சில செய்யப்பட்டன என்பது உண்மையே. எனினும் சமுதாய ஏற்றத்தாழ்வின் விளைவுகளைப் போதனையின் விளைவுகளாகப் பதிந்துகொள்ளும் அபாயம் அத்தகைய அளவுகோலின் உள்ளேயே அமைந்துள்ளது. குலத்தைக் கேட்ட பழைய நிறைகோல், பெயரை மாற்றிக்கொண்டு இவ்வாறு திரும்பி வருகின்றது.

மாணவரின் மதிப்பீட்டைப் பற்றியும் தனியே கூறவேண்டும். தவணை முடிவில் வினாத்தாள் கொடுத்து, விரிவுரையாளருக்கு ஐந்துக்கு இத்தனை எனப் புள்ளியிடச் சொல்லும் முறை நம் நாட்டிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. மாணவரின் குரல் கேட்கப்படவேண்டும் என்பதில் முற்போக்காளர் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஆயின் அக்குரலை எண்ணாகச் சுருக்குவது அதனைக் கேட்பதாகுமா? 2015இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், கணினி வழியே கற்பித்த ஆசிரியர்கள் மாணவருக்கு முகங்காட்டாது பெயரை மாத்திரம் மாற்றிக்கொண்டனர். கற்பித்தவர் யாராயினும், ஆண்பெயர் தாங்கியபோது மாணவரின் புள்ளி உயர்ந்தது. 2017இல் வெளியான விரிவான தொகுப்பாய்வு ஒன்று, அதிக புள்ளி பெற்ற ஆசிரியரிடம் மாணவர் அதிகம் கற்கின்றனர் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை எனக் காட்டியது. 2018இல் கனடாவின் ரொறொன்ரோ நகரிலுள்ள ஒரு பல்கலைக் கழகத்தில் எழுந்த தொழிற்பிணக்கில், பதவியுயர்வுக்கும் நிரந்தர நியமனத்துக்கும் போதனையின் திறனை அளக்க இப்புள்ளிகளைப் பயன்படுத்தலாகாது என நடுத்தீர்ப்பாளர் தீர்த்தார். அத்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது ஆசிரியர் சங்கம் என்பது நினைவிலிருத்தத்தக்கது.

இதிலிருந்து மாணவருக்கு ஒன்றுந் தெரியாது என்று முடிவுகட்டுவோர் பிற்போக்காளரேயாவர். விரிவுரையாளர் நேரத்துக்கு வருகின்றாரா, விளங்காததைக் கேட்டால் சினக்கின்றாரா, திருத்திய விடைத்தாளிற் காரணம் எழுதுகின்றாரா என்பவற்றை மாணவரினும் நன்கறிந்தவர் யார்? அவர்கள் தம் அனுபவத்திற்குச் சாட்சிகள். சாட்சியைக் கேட்டறிய வேண்டும். சாட்சியின் தலையில் நீதிபதியின் பொறுப்பையுஞ் சுமத்தி, அதனை ஐந்து கட்டங்களுக்குள் அடைத்துவிடலாகாது. மேலும், கடினமான நூலை வாசிக்கவைத்த ஆசிரியரின் அருமை பல வேளைகளிற் பத்தாண்டு கழிந்தே புலப்படும். எனது விரிவுரையாளருக்கு அன்று நாங்கள் புள்ளியிட்டிருந்தால், மாலை நேரத்தைப் பறித்தார் என்று குறைத்தே இட்டிருப்போம்.

காலங்கடந்து காய்க்கும் போதனைக்கு நம் நாட்டுப் பல்கலைக் கழக வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டுகள் உள. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் அந்தப் புலமையோடு நின்றிருக்கலாம். மாறாக, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். மாணவர் அவற்றை மேடையேற்றினர். வீட்டிற் பேசும் மொழி இழிந்ததென்று நினைத்திருந்த இளைஞருக்கு, அதுவும் ஆராயத்தக்க மொழி, கலைக்குரிய மொழி என்று உணர்த்திய அச்செயல் விரிவுரையா, ஆராய்ச்சியா, கலையா? எந்தப் புள்ளித் திட்டத்தின் எந்தப் பத்தியில் இதனைப் பதிவது?

அவர் வழிவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதனை மேலும் ஒருபடி முன்னெடுத்தார். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர, பேராதனை மாணவரைக் கொண்டு 'மனமே' நாடகத்தை அளித்து, சிங்கள நாடகத்துக்குப் புதிய பாதை வகுத்தார். வித்தியானந்தனின் முயற்சியால் 1962இல் 'கர்ணன் போர்' தமிழ் மாணவரின் கூத்தாக அரங்கேறியது. கிராமத்துக் களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து பல்கலைக் கழக மேடைக்கு வந்தது; அதனைப் 'படியாதவர் கலை' என்று ஒதுக்கியிருந்த படித்த வர்க்கம் அமர்ந்து பார்க்க நேர்ந்தது. அன்று ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து, தாமும் பேராசிரியராகிப் புதிய தலைமுறைக்குக் கூத்தைப் பயிற்றினார். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் 1950களிற் பேராதனையிற் பயின்றவர்களே. அவர்கள் தம் ஆசிரியரின் கருத்துக்களை ஒப்புவித்தவர்களல்லர்; பலவற்றில் அவற்றைக் கடந்து சென்றவர்கள். மாணவன் தன்னைக் கடந்து செல்ல இடமளிப்பதே போதனையின் உயர்ந்த பண்பாயின், ஆசிரியரின் சிறப்பை அந்த ஆண்டின் அறிக்கையில் எழுதிவிட முடியாது.

இங்கே மற்றொருவரையும் மறக்கலாகாது. மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியார். தாளக்கட்டை முதலில் வாயாற் சொல்லி, பின் காலில் ஏற்றி, தவறுபவனைத் தனியே நிறுத்தித் திருத்தி, சதங்கை அணியும் நாள் வரை மாதக்கணக்கிற் பயிற்றும் அவருடைய கற்பித்தல் முறை, கல்வியியல் நூல்கள் விதந்துரைக்கும் பலவற்றை இயல்பாகவே கொண்டது. அரங்கேற்ற நாளில் ஊர் கூடியிருந்து அவரை மதிப்பிடுகின்றது. ஆடியவன் பிழைத்தால் அண்ணாவியாரைக் கேட்கின்றது. சிறந்தால் அவருக்கு மரியாதை செய்கின்றது. மதிப்பிடும் சமூகம் கலையறிந்த சமூகம்; மதிப்பிடப்படுவது கற்றவனின் ஆட்டம். இவ்விரண்டும் இங்கிலாந்தின் பொன் வெள்ளிக் கணக்கில் இல்லாதவை. ஆயினும் பட்டமில்லாத அண்ணாவியாருக்குப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் என்ற நிலையான நாற்காலி இல்லை. போதனைச் சிறப்பைப் பற்றிப் பேசுவோர், போதகர் என யாரை ஏற்கின்றனர் என்பதையும் சொல்லவேண்டும்.

இனி நமது இன்றைய நிலை. 1945இற் செயற்படத் தொடங்கிய இலவசக் கல்வியும், 1960களிற் கலைப் பீடங்களில் வேரூன்றிய தாய்மொழிப் போதனையும் பல்கலைக் கழகத்தின் வாயிலை விவசாயியின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் திறந்தன. திறந்த வாயிலுக்கு ஏற்ற வகுப்பறை அமைந்ததா? நூற்றுக்கணக்கானோர் அமரும் மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியே நடைபெறும் விரிவுரை. தமிழில் உயர்தரம் பயின்று வந்து முதலாண்டிலேயே ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்க நேர்ந்த மாணவனின் திகைப்பு. ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தற்காலிக உதவி விரிவுரையாளரின் தலையிற் பொறிக்கும் முதலாண்டு வகுப்புகள். பேராசிரியர் பதவிக்கான புள்ளித் திட்டத்தில் போதனைக்கும் ஒரு பகுதி உண்டு. ஆயினும் அறிஞர் என்ற பெயரை நிலைநாட்டுவது வெளியீடே என்பதை யாவரும் அறிவர். எனவே அறிவுள்ள இளம் விரிவுரையாளர் முதலாண்டு வகுப்பிலிருந்து தப்பி ஓடுவதையே முன்னேற்றத்தின் வழியாகக் காண்கின்றார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அமைப்பு அவருக்கு அதனையே கற்பிக்கின்றது.

அவ்வாறு எழுதப்படும் கட்டுரை எங்கு போகின்றது? நம் மக்களின் வரிப்பணத்தில், நம் மண்ணையும் நீரையும் நோயையும் ஆராய்ந்து, அந்நிய மொழியில் எழுதி, அந்நிய இதழுக்கு இலவசமாகக் கொடுக்கின்றோம். பல வேளைகளில் அதனை வாசிக்க நமது நூலகமே பணம் செலுத்தவேண்டியிருக்கின்றது. பவணந்தியாரின் முடத்தெங்கு இதுவன்றோ? வேருக்கு நீர் வார்த்தவன் கமக்காரன். காய் விழுவது வேலிக்கப்பால். உலகப் புலமையோடு நாம் உறவாடவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அதே ஆராய்ச்சியாளர் தம் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பாடநூலாக எழுதினால் அதற்கு உரிய நிறை கொடுக்கும் அமைப்பே நான் வேண்டுவது.

விருதே வேண்டாம் என்பார் சிலர். அதுவும் முழுமையான விடையன்று. மதிப்பளிக்கப்படாத தொழில் காலப்போக்கில் மதிப்பிழந்த தொழிலாகிவிடும். ஆயின் மதிப்பளிக்கும் முறை மாறவேண்டும். முதலாவதாக, போதனையை அறிந்தோர் வகுப்பறைக்குச் சென்று காணவேண்டும். ஒரு முறை பரிசோதகராயன்று, பல முறை சகபாடியாய். இரண்டாவதாக, ஆசிரியர் ஆக்கிய பாடத்திட்டம், குறிப்பு, வினாத்தாள், திருத்திய விடைத்தாள் ஆகியன ஆய்வுக் கட்டுரையைப் போலவே நுணுகி வாசிக்கப்படவேண்டும். மூன்றாவதாக, வகுப்பின் தலைசிறந்த மாணவன் பெற்ற முதல்தரச் சித்தியை வைத்து ஆசிரியரை அளத்தல் தவறு. அவன் எங்கிருந்தாலும் தேறுவான். பின்தங்கி வந்தவர் எவ்வளவு தூரம் நடந்தனர் என்பதைக் கேட்கவேண்டும். நான்காவதாக, பரிசு தனியொருவருக்கு மாத்திரமன்றி, கூடிப் பணிசெய்த துறைக்கும் உரியதாகவேண்டும். ஒரு மாணவனை உருவாக்குவதில் செய்முறைப் போதனாசிரியரும் நூலகரும் ஆய்வுகூட உதவியாளரும் பங்குகொள்கின்றனர். இங்கிலாந்திற்கூட 2016 முதல் குழுக்களுக்கெனத் தனி விருது ஏற்பட்டுள்ளது.

இவை யாவற்றுக்கும் மேலானது ஒன்றுண்டு. நல்லாசிரியர் விரும்பும் பரிசு பெரும்பாலும் பதக்கமன்று. சிறிய வகுப்பு, வாசிக்க நேரம், தமிழ் நூல்கள் நிறைந்த நூலகம், தன் அருகிற் பணிசெய்ய நிரந்தர நியமனம் பெற்ற இளம் சகபாடி ஆகியனவே அவர் வேண்டுவன. 2012இல் நம் நாட்டுப் பல்கலைக் கழக ஆசிரியர் ஏறத்தாழ மூன்று மாத காலம் வேலைநிறுத்தம் செய்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆறு வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரினர். அதனைச் சம்பளப் போராட்டம் என்று மட்டும் கண்டோர் அதன் பொருளை அறியாதோர். போதனையின் சிறப்புக்கு ஒரு நாடு எவ்வளவு விலை கொடுக்கச் சித்தமாயிருக்கின்றது என்ற வினாவை வீதியில் வைத்த போராட்டம் அது. அவ்வினாவுக்கு விடை கூறாத அரசு, ஆண்டுக்கு ஒருவருக்குப் பதக்கம் அணிவித்து, ஏனையோரின் இருண்ட வகுப்பறைகளை மறைக்க முற்படுமாயின், அப்பதக்கத்தை ஏற்பவரும் அதனை உணர்ந்தே ஏற்கவேண்டும்.

நிறைகோல் ஐயத்தைத் தீர்க்கும். எப்பக்கமும் சாயாது நடுநிற்கும் என்பதனாலேயே அதனை நல்லாசிரியருக்கு உவமை கூறினர். அவ்வாசிரியரை நிறுக்கும் கோலும் அத்தகையதாக இருத்தல் வேண்டும். இன்று அது ஒருபுறம் ஆய்விதழ்ச் சந்தையின் கையிலும், மறுபுறம் திருப்திக் கணக்கெழுதுவோரின் கையிலும் உளது. அதனை அவர்களிடமிருந்து மீட்டு, கற்பிப்போரும் கற்போரும் அவர்களுக்கு உணவளிக்கும் மக்களும் கூடிப் பிடிக்கும் காலம் தானாக வந்துவிடாது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் இவ்வினாவைத் தமது கோரிக்கைகளுள் ஒன்றாக ஏற்கட்டும். அதற்கு முன்னோடியாக, இதனை வாசிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பக்கத்து அறையிற் கற்பிக்கும் சகபாடியின் வகுப்பில், அவர் இசைவோடு, ஒரு நாள் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பாராக. நம்மிற் பலர் முப்பதாண்டு சேவையில் ஒரு முறையேனும் அதனைச் செய்ததில்லை.